ஆறுமணிக்குருவிக்கு 6400 ஐ.எஸ்.ஓ!

தோட்டத்துப் பறவைகளைப் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பொதுவான ராசி உண்டு. பறவை வரும் நேரத்தில் வெளிச்சம் இருக்காது. வெளிச்சம் வரும் நேரத்தில் பறவை இருக்காது. காலை ஆறரை மணிக்கு முருங்கைப் பூவில் தேன்சிட்டு தலைகீழாகத் தொங்கும். கறிவேப்பிலை மரத்தடியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டும். வெயில் நன்றாக ஏறியதும் கேமராவைத் தூக்கிக்கொண்டு போனால், மிச்சம் இருப்பது காக்கை மட்டும்தான். (காக்கையும் நல்ல மாடல்தான். அது தனிக்கதை.)

அந்தக் காலை இருட்டில் எடுத்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ரவையைத் தூவியதுபோலப் புள்ளி புள்ளியாக இருக்கும். இதைத்தான் நாய்ஸ் என்கிறார்கள். பழி முழுக்க ஐ.எஸ்.ஓ மேல் விழும். 'ஐ.எஸ்.ஓ-வை 800-க்கு மேல ஏத்தாதே, படம் கெட்டுப்போயிடும்' என்று யாராவது ஒருவர் சொல்லி வைத்திருப்பார். அதற்குப் பயந்து 400-லேயே நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? ஷட்டர் மெதுவாகத் திறந்து மூடும். தேன்சிட்டு இருந்த இடத்தில் ஒரு பழுப்புத் தீற்றல் இருக்கும். புள்ளி இல்லைதான். பறவையும் இல்லை!

உண்மையில் புள்ளிக்கு மூலகாரணம் வெளிச்சப் பஞ்சம். மழை தொடங்கும்போது முற்றத்தைப் பார்த்தால் புரியும். முதல் தூறலில் ஒரு ஓட்டில் நான்கு துளி விழுந்திருக்கும், பக்கத்து ஓட்டில் ஒன்றுகூட இருக்காது. கொட்டித் தீர்த்த பிறகு முற்றம் முழுக்க ஒரே சீராக நனைந்திருக்கும். கேமரா சென்சாரில் ஒளி விழுவதும் இப்படித்தான். கொஞ்சமாக விழுந்தால் ஏற்ற இறக்கம் கண்ணுக்குத் தெரியும். ஐ.எஸ்.ஓ செய்வதெல்லாம், கிடைத்த கொஞ்சத்தைக் கூட்டிக் காட்டுவது மட்டுமே. நான்கு மடங்கு ஒளி கிடைத்தால்தான் புள்ளியின் உறுத்தல் பாதியாகக் குறையும்.

இது புரிந்துவிட்டால், பலர் செய்யும் ஒரு காரியம் எவ்வளவு வீண் என்பதும் புரியும். ஐ.எஸ்.ஓ-வைக் குறைவாக வைத்து, படத்தை இருட்டாக எடுத்து, பிறகு மொபைல் ஆப்பில் பிரைட்னஸைத் தள்ளுவார்கள். ஒளி அதே அளவுதான் என்பதால் புள்ளி அப்படியே இருக்கும். பல கேமராக்களில், முதலிலேயே ஐ.எஸ்.ஓ-வை ஏற்றி எடுத்ததைவிட நிழல் பகுதி மோசமாகவே வரும். எனவே, படம் பிடிக்கும்போதே போதுமான பிரகாசத்தோடு பிடிப்பது நல்லது. வானத்தைப் பின்னணியாகக் கொண்டு உட்கார்ந்திருக்கும் கொண்டைக்குருவியைக் கேமரா தானாகவே கறுப்பாக்கிவிடும். அங்கே எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை +1 வைத்தால் முகம் தெரியும். குண்டுகரிச்சான் போன்ற கறுப்பு வெள்ளைப் பறவைக்கு மட்டும் கொஞ்சம் கவனம் தேவை. வெள்ளை இறகு வெளிறிப்போனால் எந்த ஆப்பாலும் மீட்க முடியாது.

சரி, எவ்வளவு ஏற்றலாம்? மர நிழல், காலை ஏழு மணி, சாதாரண 70-300 லென்ஸ். ஜூம் முழுவதும் இழுத்தால் பெரும்பாலும் எஃப் 5.6-க்குக் கீழே இறங்காது. அந்த வெளிச்சத்தில் 1/250 நொடிக்கு 800 ஐ.எஸ்.ஓ தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஓயாமல் தலையைத் திருப்பும் சிட்டுக்கு 1/1000-வது வேண்டும், அப்போது ஐ.எஸ்.ஓ 3200. பூ முன்னால் சிறகடித்து நிற்கும் தேன்சிட்டு என்றால் 1/2000, அதாவது 6400. எண் பெரிதாக இருக்கிறதே என்று மிரளத் தேவையில்லை. கடந்த பத்து ஆண்டுகளில் வந்த கேமராக்கள் பெரும்பாலும் இதைத் தாங்கும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடவும் வேண்டாம். ஆட்டோ ஐ.எஸ்.ஓ-வில் அதிகபட்சம் 6400, குறைந்தபட்ச ஷட்டர் வேகம் 1/1000 என்று குறித்துவிட்டால், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும்.

இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதற்குப் பைசா செலவில்லை. மாமரத்தை நகர்த்த முடியாது. ஆனால், பறவைக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தை நகர்த்தலாமே! பலர் அதை நிழலான மூலையில், சுவரை ஒட்டி வைக்கிறார்கள். காலை வெயில் சாய்வாக விழும் இடத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு காய்ந்த கிளையை நட்டு வைத்தால் போதும். பறவை முதலில் கிளையில் உட்கார்ந்து அக்கம் பக்கம் பார்த்துவிட்டுத்தான் இறங்கும். நிழலில் 3200 கேட்ட அதே கேமரா, வெயிலில் 400-லேயே திருப்தியாகிவிடும். கிண்ணம் ஆழமில்லாத மண்சட்டியாக, இரண்டு அங்குலத்துக்கு மேல் தண்ணீர் நிற்காததாக இருக்கட்டும். பூனை பதுங்கும் புதர் பக்கத்தில் வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும்.

கிண்ணம் அருகில் இருந்தால் இன்னொரு லாபம். தூரத்தில் இருக்கும் பறவையை எடுத்து, படத்தை வெட்டிப் பெரிதாக்கும்போது புள்ளியும் சேர்ந்தே பெரிதாகிறது. மொபைலில் விரலால் ஜூம் செய்வதும் பெரும்பாலும் அதே வெட்டும் வேலைதான். மொபைலின் ஜூம் லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார், சுண்டு விரல் நகத்தைவிடச் சிறியது. நைட் மோடு பல படங்களை அடுக்கிச் சேர்ப்பதால் கோயில் கோபுரத்துக்குச் சரி, துள்ளும் சிட்டுக்குச் சரிப்படாது. ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்று, நாலடி தூரத்துக் கிண்ணத்தை எடுத்தால் மொபைல் படமும் அழகாகவே வரும்.

படத்தைச் சுத்தம் செய்வதில்தான் பலரும் கை மீறிப் போகிறார்கள். புள்ளியில் இரண்டு வகை உண்டு. சிவப்பு, பச்சையாகத் தெரியும் நிறப் புள்ளியைத் தைரியமாக நீக்கலாம். இழப்பு அதிகம் இல்லை. வெறும் ஒளிப் புள்ளியை அழுத்தித் துடைத்தால் இறகின் இழைகளும் சேர்ந்து போய், பறவை மெழுகுப் பொம்மையாகிவிடும். பின்னணியை மட்டும் தேர்ந்தெடுத்துத் துடைத்து, பறவையை லேசாகத் தொட்டு விடுவதே அழகு. அதற்கு ரா ஃபைலாக எடுத்திருந்தால் வசதி. ஜேபெக்கில் கேமரா முன்கூட்டியே ஒரு முறை துடைத்துவிட்டுத்தான் கையில் கொடுக்கும். லைட்ரூமில் 2023-ல் வந்த ஏ.ஐ டீநாய்ஸ் வசதி 6400 படங்களைப் பிரமாதமாகக் காப்பாற்றுகிறது. ஆனால், எந்த ஏ.ஐ கருவியாக இருந்தாலும், மிக மங்கலான படத்தில் இல்லாத இறகைத் தானே வரைந்துவிடும் ஆபத்து உண்டு. பறவையை அடையாளம் காண வேண்டிய படம் என்றால் ஒரிஜினலையும் பத்திரமாக வைப்பது முக்கியம்.

அப்படி ஒரு படம் எல்லோர் வீட்டுத் தோட்டத்திலும் என்றாவது ஒருநாள் வாய்க்கும். ஆறுமணிக்குருவி என்று ஒரு பறவை இருக்கிறது. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் குரல் கொடுப்பதால் இந்தப் பெயர். இந்தியில் ஒன்பது நிறம் என்ற பொருளில் நவ்ரங் என்பார்கள். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. வரும் வழியில் களைத்துப்போய் நகரத்து வீடுகளின் கொல்லைப்புறத்தில், சில சமயம் வராண்டாவிலேயே இறங்கிவிடும். அது நிற்பதோ புதருக்கு அடியில், சருகுக்கு நடுவில். வெளிச்சம் என்று அங்கே எதுவுமே இருக்காது.

அந்த நேரத்தில் ஃபிளாஷ் போடக் கூடாது. விரட்டிக்கொண்டு வெயிலுக்குக் கொண்டுவரவும் கூடாது. பல நூறு கிலோமீட்டர் பறந்து வந்த உயிர், இரை பொறுக்கித் தெம்பேற்றிக்கொள்ளத்தான் அங்கே நிற்கிறது. கூடு விஷயத்திலும் இதேதான். வெளிச்சம் வேண்டும் என்று தையல்சிட்டுக் கூட்டின் இலையை விலக்கினால், காக்கைக்கு வழி காட்டியதாகிவிடும். படமே கிடைக்காவிட்டாலும் கிளையில் கை வைக்கக் கூடாது.

ஆறுமணிக்குருவியிடம் ஒரு நல்ல குணம், கொஞ்ச தூரம் தத்திவிட்டு அப்படியே சிலையாக நிற்கும். தத்தும்போது விட்டுவிட்டு, நிற்கும் நொடியில் கேமராவைத் தரையிலோ மடித்த துண்டின் மேலோ வைத்து 1/125-ல் எடுக்கலாம். பத்து படம் தொடர்ச்சியாக எடுத்தால் ஒன்றாவது தெளிவாக விழும். வெளிச்சம் அதற்கும் போதவில்லை என்றால் 6400, 12800 என்று ஏற்றிக்கொண்டே போகலாம். புள்ளி விழட்டும்! கண்ணின் கறுப்புப் பட்டையும், பச்சை முதுகும், சிவந்த அடிவயிறும் தெரிந்தால் அது பதிவுக்குத் தகுதியான படம்தான்.

ஈபேர்ட் தளத்தில் பறவைப் பட்டியலோடு இப்படிப்பட்ட சுமார் படங்களையும் சேர்க்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் நாட்களில் தமிழ்நாட்டில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குப் பட்டியல்கள் அந்தத் தளத்தில்தான் சேர்கின்றன. வீட்டுத் தோட்டத்தில் 15 நிமிடம் உட்கார்ந்து எண்ணினால்கூடப் போதும். படத்தோடு தேதி, நேரம், இடம் மூன்றையும் மறக்காமல் குறிப்பிட வேண்டும்.