மருந்தாலைக்குள் தமிழ் நுழைக!

மருந்தை இடித்து, உருட்டி, அடைத்து அனுப்புவோன் தமிழன். விலை கொடுத்து வாங்கி விழுங்குவோனும் தமிழன். ஆனால், அம் மருந்து உருவாகும் ஆலையின் பணித்தாள் முதல் பெட்டியின் மேலுள்ள ஒட்டுச்சீட்டு வரை தமிழுக்கு இடமில்லை. 'பேட்ச்', 'கிரானுலேசன்', 'கோட்டிங்' என்பனவே அங்கு வழங்கும் சொற்கள். ஏன் இந்நிலை என்று கேட்டால், "மருந்தாக்கமும் உயிரித் தொழில்நுட்பமும் புதுக் கலைகள்; அவற்றுக்குத் தமிழிற் சொல் ஏது?" என்பர் கற்றறிந்த தமிழர். இல்லாதது சொல்லா, உள்ளமா என்பதை ஆய்ந்து பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலன் இச்சொற்களை எங்கிருந்து எடுத்தான்? பெரும்பாலும் அடுக்களையிலிருந்தும் கழனியிலிருந்துமே எடுத்தான். 'பேட்ச்' என்பது அப்பஞ் சுடுதலைக் குறிக்கும் பழைய ஆங்கில வினையினின்று பிறந்தது. ஒரு முறை சுட்டெடுக்கும் அளவு என்பதே அதன் பொருள். தமிழ்த் தாய்மார் ஒரு முறை அவித்தெடுக்கும் இட்டலியை 'ஓர் ஈடு' என்பதும் அதுவேயன்றோ! ஒரே கலவையில் ஒருங்கே உருவான மாத்திரைகள் ஓர் ஈடு. அதற்குரிய எண் ஈட்டெண். 'கிரானுல்' இலத்தீனிற் சிறுமணி. தமிழ்ப் பெண் முறத்திற் புடைத்துப் பிரிக்கும் குறுணையும் சிறுமணியே. எனவே அது குறுணையாக்கம். 'கோட்டிங்' மேற்பூச்சு. நொதிகலனில் நுண்ணுயிர் பெருகுதற்கென முதலில் இடும் சிறு வளர்ப்பை 'இனாக்குலம்' என்று மாணவன் உருப்போடுகிறான். பாலிற் சிறிது மோரை இட்டு முழுவதையும் தயிராக்கும் 'உறை' செய்வதும் அவ்வேலையே என்பதை அவனுக்கு எடுத்துச் சொல்வாரில்லை. 'என்சைம்' என்பதோ 1870-களில் கூனே என்னும் செருமானிய அறிஞர் புளிப்பு மாவைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று ஆக்கியது. நொதித்தலினின்று 'நொதி' என்று ஆக்கிய தமிழரும் அதே வழியிற் சென்றனர். அவன் ஆக்கினால் அறிவியல், தமிழன் ஆக்கினால் நகைப்புக்குரியதா?

மருந்தாக்கம் தமிழனுக்கு நேற்று வந்த தொழிலும் அன்று. சித்தர் மருத்துவம் அகமருந்து 32 என்றும் புறமருந்து 32 என்றும் வகுத்தது. சாறு, குடிநீர், மணப்பாகு, இளகம், தேனூறல், தீநீர், மெழுகு, குழம்பு, நீறு, சுண்ணம் என ஒவ்வொன்றுக்கும் செய்முறையால் வேறுபட்ட பெயருண்டு. வாலையில் வடித்து இறக்குவது தீநீர் என்றால் அதனை விளக்கவும் வேண்டுமோ? ஒவ்வொரு மருந்தும் எத்துணைக் காலம் பயன் தரும் என்றும் அவர்கள் வரையறுத்தனர். சாறும் குடிநீரும் ஒரு யாமம், அஃதாவது 3 மணி நேரமே நிற்கும். ஆயினும் இன்று 'எக்சுபைரி' என்கின்றனர். அல்லது 'காலாவதி' என்று வடமொழியிடம் கையேந்துகின்றனர். தவணையையும் கெடுதலையும் ஒருங்கே உணர்த்தும் 'கெடு' என்னும் சொல் இருக்கிறதே! கெடுநாள் என்றால் எழுதப் படிக்கத் தெரிந்த பாட்டிக்கும் விளங்கும்.

1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிரீன், மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். தமிழ்வழி மருத்துவரை உருவாக்கினார். அவர் ஆண்ட கலைச்சொற்களில் வடசொற் கலப்பு மிகுதியே. எனினும், அயலார் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர்ச் செய்து காட்டியதைத் தமிழர் இன்று முடியாதென்பது நாணத்தக்கது.

பிற நாட்டார் எவ்வாறு செய்கின்றனர்? செருமானியர் மருந்தின் செயற்பொருளைச் 'செயல்', 'பொருள்' என்னும் தம் சொற்களைக் கூட்டியே அழைக்கின்றனர். சீனர்க்குத் தடுப்புமருந்து 'கொள்ளைநோய் நாற்று'. ஏறத்தாழ 4 இலக்கம் மக்களே வாழும் ஐசுலாந்தில் 'ஆன்டிபயாட்டிக்' என்பது கிருமிமருந்து எனப் பொருள்படும் அவர்தம் சொல்லால் வழங்குகிறது. கோடிக்கணக்கிற் பெருகிய தமிழினம் மட்டும் தயங்கி நிற்கிறது.

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டால் மருத்துவர் குழம்புவர் என்பது அடுத்த தடை. இன்சுலினுக்கும் பெனிசிலினுக்கும் மறுபெயரிட எவரும் கேட்கவில்லை. உலக நலவாழ்வு நிறுவனம் 1953 முதல் மருந்துப் பொருள்களுக்குப் பொதுப்பெயர்ப் பட்டியல் வெளியிட்டு வருகிறது. அவை ஆட்பெயர் போன்றவை. தமிழெழுத்தில் தமிழொலிக்கேற்ப எழுதினாற் போதும். அரபுக்கும் சீனத்துக்கும் உரிய வடிவங்களை அந்நிறுவனமே தருகிறது. தமிழாக வேண்டியவை செயல்கள், கலன்கள், அளவுகள், எச்சரிக்கைகள்.

இது வெறும் மொழிப்பற்று அன்று, உயிர்க் காப்பு. 1937-இல் அமெரிக்காவில் சல்பானிலமைடு என்னும் மருந்தை டை எத்திலீன் கிளைக்கால் என்னும் நச்சுநீர்மத்திற் கரைத்து 'எலிக்சிர்' என்று பெயரிட்டு விற்றனர். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். நஞ்சை விற்றதற்காகத் தண்டிக்க அன்று சட்டமில்லை. 'எலிக்சிர்' என்றால் சாராயம் கலந்திருக்க வேண்டும், இதிலோ அஃது இல்லை, ஆகவே பெயர் பொய் என்னும் ஒரு குற்றத்தின்மேல்தான் அரசு அம்மருந்தைக் கைப்பற்ற முடிந்தது. 1938-இற் புதுச்சட்டம் பிறந்தது. ஒரு சொல்லின் பொருள் எத்துணை வலியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. அதே நஞ்சு 2025-இல், காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஆக்கப்பட்ட இருமல் மருந்திற் காணப்பட்டது. மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் பலர் அதனைக் குடித்து மாண்டனர். அக்கேடு மொழியால் நேர்ந்தது என்று எவரும் சொல்லார். ஆனால், கலத்தின்மேல் எழுதியிருப்பது உண்ணும் தரத்ததா, தொழிலகத் தரத்ததா என்று தானே படித்துணரும் தொழிலாளி, உயிருக்கு அமைந்த இன்னொரு காவல். அக்காவலனின் கண்ணைக் கட்டி வைத்திருப்பது அயன்மொழி.

ஆகவே, தமிழ்நாட்டு மருந்தாலைகளின் பணித்தாள்களும் எச்சரிக்கைப் பலகைகளும் தமிழிலும் அமைதல் வேண்டும். ஒட்டுச்சீட்டில் உட்கொள்ளும் முறையும் ஈட்டெண்ணும் கெடுநாளும் தமிழிலும் பொறிக்கப்படல் வேண்டும். பலதொழில் பயிலகங்களில் இப்பாடங்கள் தமிழில் நடத்தப்படல் வேண்டும். அரசு இவற்றை ஆணையாக்கட்டும். அதுவரை தமிழ் மருந்தாளுநர் மருந்தைக் கொடுக்கும்போதே கெடுநாளைத் தமிழிற் சொல்லட்டும். தமிழாசிரியர் அச்சொற்களை வகுப்பில் ஆளட்டும். அகரமுதலியில் உறங்கும் சொல் வாழ்வதில்லை. வாயிற் புழங்கும் சொல்லே வாழும். மருந்து தமிழனின் உடலுக்குள் செல்கிறது. அதன் பொருள் அவன் அறிவுக்குள் செல்லட்டும்!