மறைக்க இதில் என்ன மானம்?



"வெளியே சொல்லாதீங்க டீச்சர், நாளைக்குப் பையனுக்குப் பொண்ணு குடுக்க யோசிப்பாங்க." ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளின் வீட்டில் கேட்கும் பேச்சு இது. எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

இந்தக் குறையோடு உலகில் சுமார் 40 கோடிப் பேர் இருக்கிறார்கள். பெரும்பாலோர் எல்லோரையும் போல ஓடியாடி வாழ்கிறார்கள். ஆகாதது உடம்புக்குள் போனால்தான் ஆபத்து. மலேரியாவுக்குத் தரும் பிரைமாகுயின், டாப்சோன் மாத்திரை, ஃபாவா பீன்ஸ், பீரோவில் போடும் நாப்தலீன் அந்துருண்டை இவையெல்லாம் ரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

நீங்கள் மறைத்தால் மருந்து எழுதும் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அந்துருண்டை வாசம் போகாத பழைய சேலையில் தூளி கட்டும் பாட்டிக்கு எப்படித் தெரியும்?

"அம்மா வழியில் வந்தது" என்று மருமகளைக் குத்துகிறவர்களே, இது எக்ஸ் குரோமோசோமில் வருவது. அவளுக்கு அதை அவள் அப்பாவே தந்திருக்கலாம். யாரும் கேட்டு வாங்கியதில்லை.

சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். முடிவின் நகலைத் தடுப்பூசி அட்டையோடு வையுங்கள். பள்ளியிலும் சொல்லுங்கள். எந்த மருந்துக்கு முன்பும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கல்யாணம் 25 வருடம் கழித்து வரும். காய்ச்சல் நாளைக்கே வரலாம்.