மச்சான், முதல்ல எழுதுவம்

படிச்சு முடிச்ச பிறகுதான் உழைப்பு என்ற காலம் எப்பவோ போய்விட்டது. கலைப்பீடத்தில் இருக்கிற எங்களில் கன பேர் இப்பவே மொழிபெயர்க்கிறோம், கலியாண வீடியோ எடிட் பண்ணுகிறோம், போஸ்டர் வடிவமைக்கிறோம், ஆய்வாளர்களின் நேர்காணல்களைக் கேட்டுத் தட்டச்சு செய்து கொடுக்கிறோம். ஏதாவதொரு நிறுவனம் "உங்களிட்ட பிஆர் இருக்கா?" என்று கேட்கும்போதுதான் கேள்வி வருகிறது: தனி வியாபாரமா, பங்குடைமையா, கம்பனியா?

முதலில் கம்பனி ஆசையைப் பற்றிக் கதைப்பம். பெயருக்குப் பின்னால் 'பிரைவேட் லிமிட்டட்' வந்தால் ஒரு கெத்துத்தான். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி ஒரே ஒரு பங்குதாரரோடும் கம்பனி தொடங்கலாம். கம்பனியின் கடன் கம்பனியோடு நிற்கும் என்பது உண்மையான நன்மை. ஆனால் செயலாளர் வேண்டும், ஒவ்வொரு வருசமும் அறிக்கை சமர்ப்பிக்க வேண்டும், கணக்கு வைக்க வேண்டும். கம்பனி இலாபத்துக்குப் பொதுவான வரி 30 சதவீதம். தனியாளுக்கோ 2025 ஏப்ரலில் இருந்து வருசத்துக்கு முதல் 18 இலட்சம் ரூபாய்க்கு வருமான வரி இல்லை. மாசம் நாற்பதாயிரம் உழைக்கிற ஒரு பிள்ளைக்கு எது பொருத்தம் என்று நீங்களே பாருங்கோ.

ஆகவே தனியாக வேலை செய்கிறவர் தனியாளாகவே தொடங்கட்டும் என்பது எங்கள் கருத்து. வேறு பெயர் வைத்துத் தொழில் செய்தால் அந்தப் பெயரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பதியலாம். கடன் வந்தால் சொந்தச் சொத்தும் பதில் சொல்ல வேண்டும் என்பதுதான் இதிலுள்ள ஆபத்து. லப்டொப்பை மட்டும் வைத்து மொழிபெயர்க்கிறவருக்கு அது பெரிய பயமில்லை. கடன் எடுத்து கமராவும் ட்ரோனும் வாங்குகிறவர் மட்டும் கம்பனியைப் பற்றி ஒருக்கா யோசிக்கலாம். அப்பவும் வங்கி உங்கள் சொந்தப் பிணையைக் கேட்கக்கூடும்.

ஆனால் எங்களை உண்மையாகவே பயப்படுத்துவது மூன்றாவது வகை. எங்களில் அதிகம் பேர் நிற்பதும் அதில்தான். "மச்சான், சேர்ந்து செய்வம், காசைப் பிறகு பாப்பம்" என்று நாலு பேர் தொடங்குகிற வேலைக்குச் சட்டத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது: பங்குடைமை. பதிவு செய்யாவிட்டாலும், இலாப நோக்கோடு சேர்ந்து தொழில் நடத்தினால் நீங்கள் பங்காளிகள்தான். தொழிலுக்காக ஒருவர் வாங்குகிற கடன் மற்ற மூவரையும் கட்டும்.

உயர்தரத்தில் கணக்கீடு படித்தவர்களுக்கு 1890ஆம் ஆண்டுப் பங்குடைமைச் சட்டத்தின் 24ஆம் பிரிவு ஞாபகம் இருக்கும். வேறு இணக்கம் இல்லாவிட்டால் இலாபமும் நட்டமும் சமன், ஒருவருக்கும் சம்பளம் இல்லை. இரவிரவாக எடிட் பண்ணினவருக்கும் பேஸ்புக் பக்கத்தை மட்டும் பார்த்தவருக்கும் ஒரே பங்கு. பரீட்சையில் அது ஒரு கணக்கு. வாழ்க்கையில் அதிலேயே ஒரு நட்பு முடிந்துபோகலாம்.

இன்னொன்றும் இருக்கிறது. 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்னும் நடைமுறையில் உள்ளது. மூலதனம் 1,000 ரூபாயைத் தாண்டினால் பங்குடைமை ஒப்பந்தம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்கிறது அது. 1840இல் ஆயிரம் ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு அதற்கு ஒரு கமராப் பை கூட வராது. ஆகவே ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து தொடங்குகிற எந்தக் குழுவும் இதற்குள் வந்துவிடும். எழுத்தில்லாவிட்டால் பங்காளிகள் தங்களுக்குள் உரிமை கோருவது கஷ்டம். ஆனால் வெளியாள் அவர்கள்மேல் வழக்குப் போடுவதை அதே சட்டம் தடுக்கவில்லை. அதாவது ஊருக்கு முன்னால் நீங்கள் பங்காளிகள், உங்களுக்குள் கேட்கப் போனால் கையில் ஒன்றும் இல்லை.

"சிநேகிதருக்குள்ள என்ன எழுத்து?" என்பார்கள். சீட்டுப் பிடிக்கிற அன்ரிமார் கொப்பியில் பெயரும் திகதியும் எழுதித்தானே வைத்திருக்கிறார்கள்? அவர்கள் ஒருவரையும் சந்தேகப்பட்டு எழுதுவதில்லை. பிறகு சண்டை வரக்கூடாது என்றுதான் எழுதுகிறார்கள்.

ஒரு பக்கம் போதும். யார் எவ்வளவு போட்டது, கமரா யாருடையது, காசு எப்படிப் பிரியும், கடன் எடுக்க எத்தனை பேர் சம்மதிக்க வேண்டும், ஒருவர் வேலை கிடைத்தோ கலியாணம் கட்டியோ விலகினால் அவருடைய பங்கு என்னாகும். நாலு பேரும் கையெழுத்து வைத்து ஆளுக்கொரு பிரதி எடுங்கோ. தொகை பெரிசென்றால் ஒரு சட்டத்தரணியிடம் காட்டுங்கோ.

லோகோ கீறுவதற்கு முதல் அந்தப் பக்கத்தை எழுதுவம். இதைக் கேட்கவே ஒருவர் கோபப்பட்டால், அவரோடு சேர்ந்து தொழில் செய்யாமல் சிநேகிதராகவே இருப்பது இரண்டு பேருக்கும் நல்லது.