நீரேற்றம் வேறு, பகுப்பு வேறு

நைட்ரைலைக் கார்பாக்சிலிக் காடியாக்கும் வினை, தமிழ் வேதியியல் நூல்களிற் பெரும்பாலும் 'நீராற்பகுப்பு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கப்படுகிறது. நடப்பவையோ இரண்டு வினைகள்.

நைட்ரைலில் கரியும் வெடியமும் (நைட்ரசன்) முப்பிணைப்பால் இறுகியுள்ளன. நீர் கலந்த கந்தகக் காடியிற் காய்ச்சினால், அப்பிணைப்பில் முதல் நீர் மூலக்கூறு ஏறுகிறது. எதுவும் உதிர்வதில்லை, விளைவது அமைடு. இரண்டாம் நீர் மூலக்கூறு வந்து தாக்கிய பின்னரே கரி-வெடியப் பிணைப்பு முற்றும் அறுகிறது. வெடியம் அம்மோனியாவாகப் பிரிந்து கந்தகக் காடியோடு கூடி உப்பாகும். கார்பாக்சிலிக் காடி எஞ்சும். எரிகாரத்திற் காய்ச்சினாலோ கிடைப்பது அக்காடியின் உப்பே. பின்னர் வலிய காடியைச் சேர்த்துத்தான் அதனை மீட்கவேண்டும்.

இது வெறுஞ் சொற்பூசல் அன்று. சப்பானில் நித்தோ வேதிய நிறுவனம் 1985இல், நுண்ணுயிர் நொதியத்தைக் கொண்டு அக்ரிலோநைட்ரைலை அக்ரிலமைடாக்கும் தொழிலைத் தொடங்கியது. அந்நொதியம் முதற்படியோடு நின்றுவிடும். நிற்பதே அதன் சிறப்பு. மேலும் சென்று காடியானால் அங்கே அது மாசு! இதனையும் 'பகுப்பு' என்றெழுதும் மாணவன் நடவாத வினையையன்றோ எழுதுகிறான்?

ஆங்கில நூல்களும் இரு படிகளையும் ஒரே சொல்லில் அடக்குகின்றனவே என்பர் சிலர். அடக்கட்டும். முதற்படியைத் தனித்துக் கூற அவர்களிடம் வேறு சொல் உண்டு. தமிழிலும் 'நீரேற்றம்' அணியமாகவே உள்ளது. முதற்படிக்கு அதனையும், இரண்டாம் படிக்கு மட்டும் நீராற்பகுப்பையும், இடையே அமைட்டின் பெயரையும் நூலாசிரியர்கள் அடுத்த பதிப்பிலேயே எழுதுக.