அறிஞருக்குத் திறவாத கதவு

சாரல் காலத்தில் குற்றாலத்திற்கு வரும் அயலூராருக்கு இலஞ்சியில் வாழும் நாம் வழிகாட்டுகிறோம். தாகத்திற்கு நீர் தருகிறோம். அவர்கள் திரும்பிச் செல்ல ஊர் உண்டு. திரும்பிச் செல்ல ஊரே இல்லாதவர் வந்தால் என்ன செய்வோம்? அன்பார்ந்த வாசகர்களே, இக்கேள்வி தனி மனிதருக்கு மட்டுமன்று, நாடுகளுக்கும் உரியது.

1933 ஏப்ரலில் இட்லரின் அரசு ஒரு சட்டம் இயற்றி, யூத குலத்தில் பிறந்தோரை அரசுப் பணிகளினின்று நீக்கியது. பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் தப்பவில்லை. கோட்டிங்கன் நகரின் இயற்பியல் பேராசிரியர் மாக்ஸ் போர்ன் அவர்களுள் ஒருவர். அவ்வாண்டே இங்கிலாந்தில் ரதர்போர்டு முதலிய அறிஞர்கள் இத்தகையோருக்கு உதவ ஒரு கழகம் அமைத்தனர்.

நம் நாட்டில் இவ்வாய்ப்பை உணர்ந்தவர் சர் சி. வி. இராமன். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் இயக்குநராயிருந்த அவர், 1935-இல் போர்னை வரவழைத்தார். நிலையான பதவி அளிக்கவும் முயன்றார். ஆனால் பேராசிரியர் கூட்டத்தில் ஆங்கிலேயர் ஒருவர் எழுந்து, சொந்த நாடே துரத்திய இரண்டாந்தர அந்நியர் நமக்கு எதற்கு என்னும் கருத்துப்படப் போர்னின் முன்னிலையிலேயே பேசினார். இல்லம் திரும்பித் தம் மனைவியிடம் அழுததாகப் போர்னே பின்னர் எழுதியுள்ளார். பதவி கிட்டவில்லை. 1936-இல் எடின்பரோ பல்கலைக்கழகம் அவரை ஏற்றது. 1954-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இழந்தவர் யார்?

அன்று ஆண்டவர் வெள்ளையர் என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். இன்று முடிவு நம் கையில் உள்ளது. 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இல்லை. ஆகவே அவர்தம் உயர்கல்வி உரிமையாக அமையாமல், அரசாணை தரும் சலுகையாகவே நிற்கிறது. 1983 முதல் கடல் கடந்து வந்த ஈழத் தமிழரின் பிள்ளைகளுக்குத் தமிழகம் கல்விக்கூடங்களைத் திறந்தது. 1991-இல் இராஜீவ் காந்தி கொலையுண்டபின் உயர்கல்விச் சலுகை பறிபோயிற்று. 1996-இல் மீண்டும் கிடைத்தது. எக்குற்றமும் அறியாத மாணவர் பலர் இடைப்பட்ட ஆண்டுகளை இழந்தனர்.

பிறப்பையும் கடவுச்சீட்டையும் கொண்டு அறிவை எடைபோடும் நாட்டில் கல்விச் சுதந்திரம் தழைக்காது. எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தின் படத்தை வீட்டில் மாட்டியிருக்கும் நாம், முகாமிலிருந்து ஒரு மாணவன் வரும்போது, "எந்த நாட்டான்?" என்று வினவுமுன், "என்ன கற்க விரும்புகிறாய்?" என்று கேட்போமாக. அரசும் அவ்வாறே கேட்கும்படி சட்டம் வேண்டுவோமாக.