மழைக்காலக் கணக்கில் வராத தவளை

கேரளத்தின் இடுக்கி மலையில் கிடைத்த ஊதாத் தவளைக்கு 2003-இல் தவளை ஆய்வாளர் எஸ்.டி.பிஜுவும் பெல்ஜிய ஆய்வாளர் ஒருவரும் ‘நேச்சர்’ இதழில் பெயர் சூட்டினார்கள். அதன் நெருங்கிய உறவுகள் இந்தியாவில் இல்லை, செஷல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. இரு கிளைகளும் பிரிந்து ஏறத்தாழ 13 கோடி ஆண்டுகள். உலகமே வியந்தது. ஆனால், இத்தவளையின் தலைப்பிரட்டை 1918-இலேயே கல்கத்தாவில் அச்சேறிவிட்டது. இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநர் நெல்சன் அனன்டேல், தென்னிந்திய மலைகளின் தலைப்பிரட்டைகளைப் பற்றி இந்தியன் மியூசியத்தின் ஆய்விதழில் எழுதினார். பிள்ளையைப் பதிவுசெய்த அறிவியல், பெற்றவரைக் காண 85 ஆண்டுகள் எடுத்துக்கொண்டது.

கொல்கத்தாவைக் குறைசொல்ல இதைச் சொல்லவில்லை. நம் தவளை ஆராய்ச்சிக்குத் தாய்வீடு அந்த நகரம்தான். விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் நூறாண்டு காலச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. 2019-இல்கூட அந்த நகரின் புறநகர்ப் பகுதியில் புதிய மரத்தவளை இனம் ஒன்று அடையாளம் காணப்பட்டது. மாநகரின் ஓரத்திலேயே இப்படியென்றால், அடர்காட்டில் இன்னும் பெயரில்லாதவை எத்தனை இருக்கும்!

ஊதாத் தவளை தாமதமாகத் தெரியவந்ததற்குக் காரணம் அதன் வாழ்க்கை. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும். கரையான்தான் முக்கிய உணவு. பருவமழை தொடங்கும்போது சில நாட்கள் மட்டும் மேலே வந்து, ஓடைப் பாறைக்குழிகளில் முட்டையிட்டுவிட்டு மறுபடி மண்ணுக்குள் போய்விடும். தலைப்பிரட்டைகள் உறிஞ்சி போன்ற வாயால் பாறையைக் கவ்விப் பிடித்து, பாய்ந்தோடும் நீரில் மூன்று மாதத்துக்கும் மேலாக வளர்கின்றன. அந்த ஓட்டம் நின்றால் வளர்ப்பிடமே போய்விடும். தடுப்பணை கட்டி ஓடையைத் தேக்கினால் மேலே குளமும் கீழே வறண்ட பாறையும்தான் மிஞ்சும்.

இங்கேதான் என் ஆதங்கம். சுரங்கம் முதலான பல திட்டங்களுக்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டில், மழைக்காலம் நீங்கலாக ஒரு பருவத்தின் தரவே போதும் என்பது நடைமுறை. தூசியை அளக்க அது சரியாக இருக்கலாம். உயிரினக் கணக்கெடுப்புக்கு? மாசியில் ஓடைக்கரையில் நடந்தால் ஒரு தவளைகூடக் கண்ணில் படாது. ‘அரிய உயிரினங்கள் இல்லை’ என்று அறிக்கை எழுதிவிடலாம், எழுதியவர் பொய்யும் சொல்லியிருக்க மாட்டார். நீர்மின் திட்டங்களுக்கு மழைக்காலத் தரவும் கேட்கப்படுகிறது. மற்றவற்றுக்கு ஏன் கேட்கக் கூடாது?

தமிழ்நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2017-இல் ஶ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் அணில் சரணாலயப் பகுதியிலிருந்து இதே பேரினத்தின் இரண்டாவது இனம் விவரிக்கப்பட்டது. கோவை ‘சாக்கான்’ ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றி, 2014-இல் அகத்தியமலையில் களப்பணியின்போது உயிரிழந்த எஸ்.பூபதியின் பெயரை அது தாங்கியிருக்கிறது. கிழக்குச் சரிவில் வாழும் அத்தவளை, கேரளத் தவளையைப் போலத் தென்மேற்குப் பருவமழையின் தொடக்கத்தில் மேலே வராது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் இனப்பெருக்கம் செய்கிறது. ஒரே மலையின் இரு பக்கங்களுக்கு இரு நாட்காட்டிகள்.

உலகளவில் நீர்நில வாழ்வனவற்றில் ஏறத்தாழ 41% அழிவின் ஆபத்தில் இருப்பதாக 2023-இல் வெளியான மதிப்பீடு சொன்னது. காலநிலை மாற்றம் இப்போது முதன்மைக் காரணங்களில் ஒன்று. மழை தப்பினால் இந்த ஊதாத் தவளைகளுக்கு அந்த ஆண்டின் வாய்ப்பே தப்பிவிடும்.

ஆகவே, மேற்குத் தொடர்ச்சி மலையின் ஓடையைத் தொடும் எந்தத் திட்டத்துக்கும் அந்தச் சரிவுக்குரிய மழையில், இரவில், தலைப்பிரட்டை உட்படக் கணக்கெடுப்பதைக் கட்டாயமாக்க வேண்டும். தலைப்பிரட்டைகளை வளர்ந்த தவளைகளோடு மரபணு வழியே பொருத்திப் பார்க்க இன்று வசதியிருக்கிறது. அந்தப் பணியில் ஓடையை நன்கறிந்த பழங்குடியினரைக் கூலியாட்களாக அல்லாமல், பெயர் குறிப்பிட்டு ஆய்வாளர்களாகவே சேர்க்க வேண்டும். விதியைத் திருத்த வேண்டியது மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம். அதுவரை, மாநில வனத்துறை தன் காப்பகங்களுக்குள் இதைத் தானே தொடங்கலாம்.