அணிலும் சுவர்ப் பாசியும்

எண்ணூர், திருவொற்றியூர்ப் பக்கங்களில் தென்னையும் மாவும் வைத்திருப்போர் அணிலைப் பற்றி முறையிடுவதுண்டு. பாசியைப் பற்றி யாரும் முறையிடார். வழுக்குகிறதென்று சுரண்டிவிடுவதோடு சரி. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் எந்த ஜீவன் பத்திரமாயிருக்கிறதென்று நாம் தீர்மானிக்கும் முறையிலுள்ள குறை இதனால் விளங்கும்.

நம் மூவரி அணில் ராயபுரத்து வீட்டுக் கூரையிலும் பிழைக்கும். நார், பஞ்சு, கந்தல் எது கிடைத்தாலும் கூடு கட்டும். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தாரின் சிவப்புப் பட்டியலில் அது கவலை குறைந்த வகுப்பைச் சேர்ந்தது. அதன் உறவான ஐவரி அணிலை 1898-ல் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்குக் கொண்டுபோக, அங்கே அது பெருகி உபத்திரவமாயிற்று. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளிலுள்ள சாம்பல் நிற மலை அணிலின் நிலை வேறு. கிளையோடு கிளை பின்னிய காடு அதற்கு வேண்டும். ஆகவே அது ஆபத்தை நெருங்கிய வகுப்பிலும், 1972-ம் வருஷத்து வனஜீவி பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலும் இருக்கிறது. அணில் என்ற பெயர் ஒன்றாயிருப்பதால் இரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

பாசியிலும் இக்குழப்பமுண்டு. குளத்தில் மிதப்பது வேறு. ஈரச் சுவரில் பச்சை ஜமக்காளம் விரித்தாற்போல் படர்வது வேறு. பின்னதில் உலகெங்கும் சுமார் 12,000 வகைகள் உண்டு. பட்டியலுக்காக ஆராயப்பட்டவை அவற்றில் சொற்பமே. ஆராயப்படாததைப் பத்திரமென்று கொள்வது பெரும் பிழையென்பது என் அபிப்பிராயம். பாசிக்கு மெய்யான வேரில்லை. மெல்லிய இலையாலேயே நீரையும் உப்பையும் உறிஞ்சுகிறது. கந்தகப் புகையும் உலோகத் தூசியும் அவ்வழியே உட்புகும். அணிலுக்குக் காலுண்டு, வேறு மரம் தேடும்; பாசி இருந்த இடத்திலேயே கரியும்.

எண்ணூர் அனல் மின்நிலையம் 1970 முதல் 2017 வரை நிலக்கரி எரித்தது. வேறு ஆலைகள் இன்னும் நடக்கின்றன. பயிர் விளைச்சலுக்குக் கலம் வகுத்த கிராமக் கணக்கில் பாசிக்கு ஒரு கலமும் இல்லை. கிராம உத்தியோகஸ்தர்கள் தனியே ஒரு நோட்டு வைத்துக்கொள்வதில் சிரமமொன்றுமில்லை. கார்த்திகை மழைக்குப்பின் கிணற்று உறை, குளத்துப் படி, பழைய மதில் ஆகியவற்றில் பாசி அடர்த்தியாயுள்ளதா, அருகியுள்ளதா என்று வருஷந்தோறும் குறிக்கலாம். புகைபோக்கிக்குத் தொலைவிலுள்ள ஊரொன்றின் குறிப்போடு ஒத்துப் பார்க்கலாம். நிழலிலுள்ள சுவரை நிழலிலுள்ள சுவரோடுதான் ஒப்பிட வேண்டும். புதிதாய்ச் சுண்ணாம்பு அடித்ததைக் கணக்கில் சேர்க்கலாகாது.